பந்துக்குப் பின்னால் முளைத்த கோரை

கோல்ஃப் ஆட்டத்தில் என் அடி தூரமாகப் போகாது. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கண்டமங்கலத்திலிருந்து அம்மா புதுச்சேரி விடுதி ஒன்றுக்குத் தோட்ட வேலைக்குப் போவாள். அங்கே விருந்தாளிகள் பந்து தட்டுகிற புல்வெளி ஒரு களத்துமேடு அளவுதான். பள்ளி விடுமுறையில் நான் ஆடக் கற்றது அதில். ஓங்கி அடித்தால் பந்து சமையல்கட்டுக்குள் போய்விடும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இந்த வேணியை அடிக்க ஆளில்லை. இரண்டு கோப்பைகள் அப்படி வாங்கியவைதான்.

இந்த வருடம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் போட்டி. ஜெயித்தால் இந்திய அணியில் இடம். எப்போதும்போல் அம்மாதான் என் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடைசிக் குழி. பந்து சற்றுத் தள்ளிப் புல்லில் கிடந்தது.

"எத்தினி அடில போடணும்?" என்றாள் அம்மா.

"மூணுல போட்டாக்கூட நாமதாம்மா."

சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அம்மா கையில் ஒரு கோரை, கிழங்கோடு! விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போய், பூந்தொட்டியில் களையெடுத்துவிட்டு வந்தவள். அந்தக் கை சும்மா இருக்குமா?

"ஐயோ எம்மா! பந்துகிட்ட முளைச்சதைப் புடுங்கக்கூடாது! ரெண்டு அடி போச்சு!"

அம்மா முகம் செத்துப்போயிற்று. "யாரும் பாக்கலடி. ஜல்தியா நட்டுடறேன்."

"நான் பாத்துட்டேனே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நடுவர் பிரான்சிஸைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"பொண்ணு மேல தப்பில்லீங்க, நான்தாங்க புடுங்கினேன்" என்று அம்மா அவரைக் கும்பிட்டாள். அவர் பாவம், என்ன செய்வார்? இரண்டு அடி அபராதம். இனி ஒரே தட்டில் விழ வேண்டும். இரண்டானால் எனக்கு அடுத்து நிற்கிறவளோடு சமன். மறுபடி ஆட வேண்டும், அதில் தூரம் அடிக்கிற அவள் என்னைத் தின்றுவிடுவாள்.

மட்டையைத் தளர்வாகப் பிடித்துத் தட்டினேன். பந்து எழும்பி விழுந்து உருண்டது. குழி விளிம்பில் கொஞ்சம் யோசித்தது. உள்ளே போயிற்று.

அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை அழுகையிலும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஒண்ணுலயே போடத் தெரிஞ்சுக்கினு, இத்தினி வருசமா எதுக்குடி ரெண்டு மூணுன்னு இழுத்துக்கினு இருந்த?"