மஞ்சள் சட்டைகளின் எண்ணிக்கை

எங்கள் வீட்டில் பெயரைவிட எண்தான் அதிகம் புழங்கும். பதினோரு பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வேன் கிளம்புவதற்கு முன் அப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "எண்ணுங்க" என்பார். மூத்தவள் ஒன்று என்பாள், அடுத்தவள் இரண்டு, அப்படியே கடைக்குட்டி வரை. கடைசி எண் வந்தால்தான் சாவி திரும்பும். ஒருமுறை ஏழுக்கு மேல் நகரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் எட்டு, சபை வாசலில் இருந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான். துண்டு மாட்டும் கொக்கி, பிரஷ் வைக்கும் கோப்பை, மழைக்கால பூட்ஸ் எல்லாவற்றிலும் அப்பாவின் கறுப்பு மையில் எண் இருக்கும்.

நான் இரண்டு. பெயர் கெசியா. ஒன்று, என் அக்கா ஜெமைமா. பைபிளில் வரும் யோபுவின் மகள்களின் பெயர்களை அப்பா வரிசையாக எங்களுக்கு வைத்தார். பதினேழு வருடம் நாங்கள் ஒரே கட்டிலில் படுத்தோம். அவள் கால் எப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும், அதை என் முதுகில்தான் வைப்பாள். சனியன், தள்ளிப் படு என்று நான் கத்தாத நாள் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்றாள். கல்யாணமாகும்வரை பெண்பிள்ளை தகப்பன் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றார் அப்பா. அப்பாவுக்குத் தொழிலே கூரை போடுவதுதான், அதனால் கூரை விஷயத்தில் அவரோடு யாரும் பேச முடியாது. அவள் ஒரு பையோடு போய்விட்டாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் அப்பா திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். "இனிமே கெசியாதான் ஒண்ணு. எல்லாரும் ஒரு எண் முன்னாடி வந்துக்கங்க."

வந்துகொண்டோம். சாயங்காலமே கொக்கிகளில் எண் மாறிவிட்டது. ஜெமைமா துண்டு மாட்டிய கொக்கி எனக்கு வந்தது. செத்துப்போனவர்களின் பெயரையாவது வீட்டில் சொல்வார்கள், இவள் பெயர் அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் வரவே இல்லை. அம்மா மட்டும் இன்னும் பிள்ளைகளுக்கென்று பதினோரு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பாள். சாண்ட்விச்சும் ஒன்று கூடுதலாகத்தான் செய்வாள். "ஜெட், நீ எடுத்துக்கோ" என்று தம்பி ஜெடிடயாவிடம் தள்ளிவிடுவாள். அம்மாவுக்குத் தன் மேல் தனிப் பிரியம் என்று அவனுக்கு நினைப்பு.

பத்துப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தனிமை என்றால் யார் நம்புவார்கள்? குளியலறைக்குள் நின்றால்கூட ஒருவர் கதவைத் தட்டுவார். ஆனாலும் எனக்கு அந்த வீட்டில் பேச ஆள் இல்லை.

இந்த நவம்பரில் அப்பா எங்களை இந்தியானாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்கு, பழைய குடியேற்ற ஊர்களைப் பார்க்கக் கூட்டிப்போனார். எங்களுக்குப் பள்ளிக்கூடம் வீடுதான், ஆகவே அப்பா ஒரு கோப்பு நிறையப் பாடம் தயாரித்திருந்தார். அம்மா ஒரே துணியில் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை தைத்திருந்தாள், கூட்டத்தில் தொலையாமலிருக்க. ஜேம்ஸ்டவுனில், பஞ்ச காலத்தில் குடியேறிகள் பூட்ஸை வேகவைத்துத் தின்றார்கள் என்று அப்பா வாசித்ததும், மெர்சிக்கு நேர் மூத்த தம்பி ஷைலோ, "உப்புப் போட்டா, போடாமலா?" என்று கேட்டான். வில்லியம்ஸ்பர்க்கில் ஜெட் குற்றவாளிகளைப் பூட்டும் மரச்சட்டத்தில் தலையை நுழைத்துவிட்டு, "அம்மா, மூக்கு அரிக்குது, யாராச்சும் சொறிஞ்சு விடுங்க" என்று அலறினான். நானும் சிரித்தேன். ஆனால் என் மனம் முழுக்கப் புதன்கிழமையில் இருந்தது. புதன்கிழமை பிளிமத்.

ஜெமைமா அங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள். எங்கள் ஊர் நூலகர் முகவரிக்குக் கடிதம் போடுவாள், புத்தகம் திருப்பித் தரும் சாக்கில் நான் வாங்கிக்கொள்வேன். நாங்கள் பிளிமத் வரும் நாளை அவளுக்கு எழுதியிருந்தேன், அதற்கு வந்த கடைசிக் கடிதம் நாலு வரி. "புதன்கிழமை ரெண்டு மணிக்குப் பாறைகிட்ட நிப்பேன். அப்பா கண்ணுல பட மாட்டேன். மெர்சியை ஒருதடவை தூக்கினாப் போதும். நீ வரலைன்னா புரிஞ்சுக்கறேன், இனிமே எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மெர்சி எங்கள் கடைக்குட்டி, நாலு வயது. அக்கா போனபோது அவளுக்கு இரண்டு, பேச்சே வரவில்லை. ஜெமைமாதான் அவளை மடியில் வைத்துக்கொண்டு முதலில் "ஒண்ணு" என்றும் கடைசியில் அவளுக்காகப் "பதினொண்ணு" என்றும் சொல்வாள்.

பிளிமத்தில் காற்று காதைப் பிய்த்தது. நானூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த குடியேறிகள் முதலில் கால் வைத்ததாகச் சொல்லும் அந்தப் பாறை, கரையோரமாக ஒரு தூண் மண்டபத்துக்குள் பள்ளத்தில் கிடந்தது. "இவ்ளோதானா?" என்றாள் ஜெட்டுக்கு அடுத்த தங்கை வெரிட்டி. மண்டபத்தில் நின்ற ஒரு கிழவர் எங்கள் மஞ்சள் வரிசையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் உங்க பிள்ளைங்களா, இல்ல பள்ளிக்கூடமா?" என்றார்.

"எல்லாம் கர்த்தர் கொடுத்தது" என்றார் அப்பா. அவர் எப்போதும் சொல்கிற பதில்.

"நல்லவேளை அந்தக் கப்பல்ல நீங்க வரலை. மத்தவங்களுக்கு இடம் இருந்திருக்காது."

சாலைக்கு எதிரே படிகள் ஏறினால் ஒரு குன்று. அங்கே புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். வழக்கம்போல ஒன்று மிஞ்சியது. ஜெட் கையை நீட்டினான். "இருக்கட்டும்" என்று அம்மா அதை மெழுகுத்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா கோப்பைத் திறந்தார். "முதல் குளிர்காலத்துல வந்தவங்கள்ல பாதிப்பேர் செத்துட்டாங்க. இந்தக் குன்றுலதான் புதைச்சாங்க. மேட்டை எல்லாம் சமமாக்கி, அது மேல சோளம் விதைச்சாங்கன்னு சொல்லுவாங்க. ஏன்? யார் சொல்றீங்க?"

வெரிட்டி கையைத் தூக்கினாள். "எத்தனை பேர் குறைஞ்சிருக்காங்கன்னு இங்க இருந்த பூர்வகுடி ஜனங்க எண்ணிடக் கூடாதுன்னு."

"கெட்டிக்காரி."

பாடம் நடக்கும்போது அம்மா வாய் திறக்கவே மாட்டாள். அன்று கேட்டாள். "அந்தச் சோளத்தை அவங்களே சாப்பிட்டாங்களா?"

அப்பா இரண்டு தாள் புரட்டினார். "அது இதுல இல்ல" என்றார்.

நான் கீழே பார்த்தேன். மண்டபத் தூணருகே பச்சைக் கோட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்த ஒருத்தி நின்றாள். ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கால் குளிர்கிறது அவளுக்கு. எழுந்து மெர்சியின் கையைப் பிடித்தேன்.

"மெர்சிக்குப் பாத்ரூம் போகணுமாம்" என்றேன்.

"இல்லையே" என்றாள் மெர்சி.

"போகணும். வா."

"தனியாப் போக வேணாம். ஜெட், நீயும் கூடப் போ" என்றார் அப்பா. என் திட்டத்தில் ஜெட் இல்லை. பதினேழு வயது, அப்பாவோடு கூரை ஏறுகிறவன். பார்த்ததை ஒன்றுவிடாமல் அப்பாவிடம் ஒப்பிப்பான்.

படியிறங்கினோம். ஜெமைமா எங்களைப் பார்த்துவிட்டாள். நாங்கள் சாலையைக் கடந்தபோது பத்தடி தூரத்தில் இருந்தாள். அவள் கை மெதுவாக எழுந்தது. ஜெட், கரையில் காட்சிக்காகக் கட்டியிருந்த மாதிரிக் கப்பலைப் பார்த்தபடி வந்தான். மேலே திரும்பினால் அப்பாவின் மஞ்சள் சட்டை, குன்றின் விளிம்பில் எங்களைப் பார்த்தபடி நின்றது.

"அந்த அக்கா எனக்குக் கை காட்டுறாங்க" என்றாள் மெர்சி. "யார் அவங்க?"

"யாரோ. நட."

என் வாயிலிருந்துதான் வந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை. இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவுக்காவது நெருப்புப் பக்கத்தில் நின்ற ஊராரைப் பார்த்து பயம். எனக்கு ஜெட்டைப் பார்த்து பயம், தினமும் நான் துவைக்கிற சாக்ஸைப் போட்டுக்கொள்கிற ஜெட்டை. ஜெமைமாவின் கை பாதியில் நின்று, கோட்டுப் பைக்குள் போனது. நாங்கள் பாத்ரூமிலிருந்து திரும்பியபோது தூணருகில் யாருமில்லை. சாலையின் இரு பக்கமும் பார்த்தேன். இனிமேல் நூலகத்தில் எனக்குக் கடிதம் வராது.

நாலு மணிக்கு எல்லோரும் வேனில் ஏறினோம். அம்மா முன்னால் உட்கார்ந்தாள், மடியில் அந்த மெழுகுத்தாள் பொட்டலம். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தார்.

"எண்ணுங்க."

வாய் திறந்தேன். இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். அதைச் சொன்னால் இன்று இரண்டாவது முறையாக அவளைத் தெரியாது என்று சொன்ன மாதிரி. எனக்கு வரவில்லை.

"கெசியா?" என்றார் அப்பா.

"ரெண்டு" என்றேன்.

கண்ணாடியில் அப்பாவின் கண் என்னைப் பார்த்தது. ஒருவேளை ஜெட் சிரிப்பான், இல்லையென்றால், என்ன அக்கா தூங்கிட்டியா என்பான் என்று நினைத்தேன். எனக்கு அடுத்த இருக்கையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"மூணு" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனும் பார்த்திருக்கிறான்.

"நாலு" என்றாள் வெரிட்டி. ஐந்து, ஆறு, ஏழு. ஒருவரும் தடுமாறவில்லை. பழைய எண் அவரவருக்கு ஞாபகம் இருந்தது. எட்டு, ஒன்பது. கடைசியில் ஷைலோ, "பத்து" என்றான்.

"அது என் எண்!" என்று மெர்சி அவன் கையில் அடித்தாள்.

"நீ பதினொண்ணு" என்றான் ஷைலோ. "நீ எப்பவுமே பதினொண்ணுதான்."

அவள் விரல்களைப் பார்த்தாள். பத்து விரலும் தீர்ந்துபோனதில் குழம்பி, வேனுக்குள் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

மெர்சி தன் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அப்பா, வண்டியை எடுக்காதீங்க" என்றாள். "ஒண்ணு இன்னும் ஏறலை."