எஸ்தரின் கேன்

"என்ன யேசுதாசன், கேன்ல?" என்று பட்டாபிராமன் சார் கேட்டபோது ரயில் இன்னும் குரோம்பேட்டையைத் தாண்டவில்லை.

"நல்லெண்ணெய் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். அவர் கண்ணில் படக் கூடாதென்றுதான் தாம்பரத்தில் கடைசிப் பெட்டியில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து அவரும் லேட்டாக ஓடிவந்து அதிலேயே ஏறினார். என் நேரம்.

கேனில் இருந்தது என் மகள் எஸ்தரின் ஒரு நாள் சிறுநீர். ஏழு வயசு. ஒரே வருஷத்தில் நாலு முறை நீர்க்கடுப்பு, நாலு முறை குளிர்க்காய்ச்சல். "கிட்னி கெட ஆரம்பிச்சிருந்தா யூரின்ல புரோட்டீன் இறங்கும். இருபத்துநாலு மணி நேரம் ஒரு சொட்டு விடாம பிடிச்சுக் கொண்டு வாங்க. சீக்கிரம் தெரிஞ்சா காப்பாத்திடலாம்" என்று எக்மோர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த டெஸ்ட் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அதற்காகத் திங்களன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட எஸ்தர், ஒவ்வொரு தடவையும் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "அப்பா, ஒரு லிட்டர் கோட்டைத் தாண்டிடுச்சு!" என்று அவள் போட்ட சத்தம் பீர்க்கன்கரணை முழுக்கக் கேட்டிருக்கும்.

"செக்குல ஆட்டினதா? வாசனை பாக்கறேனே" என்று சார் மூடியில் கை வைத்தார்.

கேனைப் பிடுங்காத குறையாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "மூடி லூசு சார், சிந்திடும். பல்லாவரத்துல ஒருத்தருக்குக் குடுக்கணும்." சொன்னதற்காகப் பல்லாவரத்தில் இறங்கவும் வேண்டியதாயிற்று.

பத்து நிமிஷத்தில் அடுத்த வண்டி வந்தது. ஏறியிருக்கலாம். அதிலும் தெரிந்த முகம் இருக்கும், அதுவும் மூடியில் கை வைக்கும் என்று தோன்றியது. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் வேலியோரம் கேனைக் கவிழ்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தது அரை நிமிஷத்தில் தீர்ந்தது. குழாயில் கேனைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

"எண்ணெய் குடுத்தாச்சா?" என்றார் சார்.

"குடுத்தாச்சு சார்." அப்போது என் முகத்தை யாராவது கண்ணாடியில் காட்டியிருந்தால் நானே துப்பியிருப்பேன்.

சாயங்காலம் எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னப்பா சொன்னாங்க?"

வரும் வழியெல்லாம் தயார் செய்ததைச் சொன்னேன். "அளவு பத்தலையாம். அடுத்த செவ்வாய் மறுபடி கொண்டு வரச் சொன்னாங்க."

"கோடு தாண்டித்தானே இருந்துச்சு?" என்றாள் என் மனைவி காந்திமதி. நான் சட்டையைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

கிணற்றடிக்குப் போனபோது எஸ்தர் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். திரும்பி அம்மா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிடாத. நேத்து சாயங்காலம் கொஞ்சம் கீழ சிந்திட்டேன். பாவாடையாலயே துடைச்சிட்டேன். அதனாலதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

"இனிமே சிந்தவே மாட்டேன்பா." பையிலிருந்து கேனை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தக் கோட்டை விரலால் தேடினாள். நான் அவள் கழுத்தில் கை வைத்தேன். சுட்டது.