ஏழு வருடம் காயாத மேசை

மரக்கடை முதலாளியின் வலது உள்ளங்கை அவர் வீட்டு மேசையில் ஒட்டிக்கொண்டு ஏழு வருடம் இருந்தது. ஒட்டியது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அந்த வாரம் முழுக்க நல்ல வெயில். ஆகவே பழியை மழையின் மேல் போட வழியில்லை.

முதலாளி எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. யாராவது இருமினால்கூடத் தன் கடை மரத்தூளால்தான் என்று பெருமைப்படக்கூடியவர். வணக்கம் சொன்னால் பாதிதான் தலையசைப்பார். மீதியை அடுத்த ஆளுக்கென்று மிச்சம் பிடித்துக்கொள்வார். அந்த மேசை ஒரே பலகையில் அறுத்தது, பத்து பேர் உட்காரலாம். வியாபாரிகள் சங்கத் தலைவர் வெள்ளிக்கிழமை வந்து அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதுதான் அவருடைய அப்போதைய வாழ்க்கை லட்சியம்.

மேசையைத் தேய்த்தவள் உப்புத்தாள். மரம் தேய்க்கும் தாளின் அந்தப் பெயர் வேலையாலும் நாக்காலும் அவளுக்கு வந்தது. மூன்று நாள் முழங்காலில் நின்று, முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள்வரை, மரத்தின் ரேகை ஓடிய திசையிலேயே தேய்த்து முடித்திருந்தாள். தூசியை ஈரத்துணியால் துடைத்து, ஒருநாள் காயவிட்டு, வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி.

"இன்னிக்கே அடி," என்றார் முதலாளி.

"தூசி இருக்கு மொதலாளி. துடைச்சுக் காயவிட்டுத்தான் அடிக்கணும்."

"என் வீட்டுல ஏது தூசி? மேல ரெண்டு கோட்டு போட்டா உள்ள இருக்கிறது எவனுக்குத் தெரியப்போகுது?"

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதலாளி தன் மைத்துனரைக் கூப்பிட்டார். மைத்துனர் அதுவரை பிரஷ் பிடித்ததில்லை, அத்தானை எதிர்த்துப் பேசியதுமில்லை. ஒரே சாயங்காலத்தில் இரண்டு கோட்டும் அடித்து முடித்தார்.

மறுநாள் உப்புத்தாள் தன் பிரஷ்களை எடுத்துப்போக வந்தாள். "வா, வந்து பாரு, கண்ணாடியா காஞ்சு கிடக்கு," என்றார் முதலாளி. தொழில் தெரிந்தவர்கள் ஓரத்தின் அடிப்பக்கம் நகத்தின் முதுகால் தொட்டுத்தான் பார்ப்பார்கள். முதலாளி ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே, கையை முழுசாக விரித்துச் சப்பென்று அறைந்தார். பிறகு எடுக்க முடியவில்லை.

வார்னிஷைக் கரைக்கக் குடம் குடமாகத் தின்னர் ஊற்றினார்கள். வார்னிஷ் அதையும் குடித்துவிட்டு இன்னும் பளபளத்தது. கையை அறுக்கலாம் என்றார் மருத்துவர். மேசையை அறுக்கலாம் என்றார் தச்சர். முதலாளி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. மைத்துனரை அறுப்பதென்றால் சம்மதித்திருப்பார். சங்கத் தலைவர் வந்தார், பார்த்தார், முதலாளி ஆசைப்பட்டபடியே வாயைப் பிளந்தார்.

முதல் வருடம் வார்னிஷ் டப்பாவைத் திட்டினார். அடுத்த வருடம் மரத்தை, அதற்கடுத்த இரண்டு வருடம் மைத்துனரை. தூசி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. வார்னிஷுக்கு அடியில் தூசி எறும்புபோல ஊர்ந்து வந்து அவர் விரல்களைச் சுற்றிக் கூடியது. முடி வெட்டுபவர் மேசைக்கே வந்து போனார். நாற்காலியிலேயே முதலாளி தூங்கினார். அவர் மனைவி வேளாவேளைக்குத் தட்டேந்தி வந்து ஊட்டினாள், இடது கை நகத்தை வெட்டிவிட்டாள், உப்பு குறைவு என்ற வசவை வாங்கிக்கொண்டு போனாள்.

உப்புத்தாள் தினமும் அந்த ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், வயிறு குளிரும். தவறாமல் பிரார்த்தனை செய்கிறவள்தான். ஆனால் இந்தக் குளிர்ச்சியைக் கடவுளிடம் அவள் சொன்னதில்லை.

ஏழாம் வருடம் ஒருநாள் ஜன்னலில் வேறொன்று தெரிந்தது. முதலாளியின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையிலிருந்த தட்டு நடுக்கத்தில் கடகடவென்றது. உப்புத்தாளுக்கு ஒரு சாக்கு ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் மேசைக்காலைத் தேய்க்கும்போது இந்த அம்மாள் ஒரு சாக்கை மடித்து அவள் முட்டிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். இருவருக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை உப்புத்தாள், தாளும் சுரண்டும் தகடுமாக அந்த வாசலில் நின்றாள்.

"அவர் உன்னைக் கூப்பிடலியேம்மா," என்றாள் மனைவி.

"அவருக்காக வரலக்கா."

மேசையின் தூரத்து முனையில் தொடங்கினாள். ஒரு சாண் சுரண்டுவாள், தேய்ப்பாள், துடைப்பாள், பிறகு அடுத்த சாண். தின்னருக்கு அசையாத வார்னிஷ் அவள் தகட்டுக்கு வழிவிட்டது.

"ஏழு வருஷம் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் முதலாளி.

"வாயை மூடுங்க மொதலாளி. எச்சில் தெறிச்சா மரத்துல தனியாத் தெரியும்."

பதினோராம் நாள், கையைச் சுற்றி ஒரு சாண் மட்டும் மிஞ்சியது. உப்புத்தாள் ஈரத்துணியை அவருடைய இடது கையில் கொடுத்தாள். "இது உங்க தூசி. நீங்கதான் துடைக்கணும்."

கொடுத்த துணியை அவர் தரையில் எறிந்தார். அப்போது மனைவி தட்டோடு உள்ளே வந்தாள். தட்டு கடகடத்தது. ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. திரும்பித் தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து துணியை எடுத்தார்.

"கொஞ்சம்... தூசி இருக்குதான்," என்றார், அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. விரலிடுக்கெல்லாம் துடைத்தார். கை டப்பா மூடிபோலக் கழன்று வந்தது.

அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தரத்தைப் பரிசோதிக்கத்தான் கையை அங்கே வைத்திருந்ததாக மறுநாளே சங்கத் தலைவரிடம் அளந்துவிட்டார். ஆனால் ஏழு வருடம் தூசிக்குள் கிடந்த கை வேறெதையோ கற்றுக்கொண்டிருந்தது. வாய் பெருமையடித்துக்கொண்டிருக்கும்போதே அது மேசையைத் துடைத்தது, மனைவியின் தட்டைத் தாங்கியது, அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது. முதலாளி அது யாருடைய கையோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாளாக நாளாக வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

மேசைக்கு முறையாக வார்னிஷ் அடிக்க உப்புத்தாள் மறுபடி வந்தாள். மேசைக்காலுக்கு அவள் முட்டிபோட்டதும், "சீக்கிரம் ஆகட்டும், இது என்ன கல்யாணச் சாப்பாடா, ஆற அமர!" என்று முதலாளி பின்னால் நின்று கத்தினார். அவருடைய வலது கை மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்தது. தொடையில் அழுத்தி, ஒற்றைக் கையாகவே தட்டுத்தடுமாறி அதை மடித்து, அவள் முட்டிக்கு அடியில் தள்ளியது.

உப்புத்தாள் திரும்பி, கைக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு, பிரஷ்ஷை வார்னிஷில் தோய்த்தாள்.