பொங்தே அண்ணனின் சிவப்புப் பூட்டு

ஊறிய அரிசி நாம் வரும்வரை காத்திராது. புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை மதியம், எங்கள் அரிசி உருளை ஆலையில் தொட்டி தொட்டியாக நீர் வடிய வைத்திருந்த அரிசிக்கு முன்னால் நின்றுகொண்டு அரவை இயந்திரத்தின் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. பூட்டின் மேல் ஒட்டியிருந்த புகைப்படத்தில் எங்கள் மெக்கானிக் பொங்தே அண்ணன், பல்வலி வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை அதன் இரும்பு உருளையைப் பழுது பார்த்தவர் பூட்டை எடுக்காமலே போய்விட்டார். சாவி அவர் பையில். அவரோ ஜொஞ்சு நகரத்து உணவகம் ஒன்றில், மகள் நாரேவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரோடு முதன்முதலாக விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். சம்பந்திகள் சந்திக்கிற இடத்தில் மணி அடித்தால் மானம் போய்விடும் என்று நாங்கள்தான் அவருக்கு ஒரு மாதமாக ஓதியிருந்தோம்.

இந்தப் பூட்டுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு: லாக்அவுட். என்னோடு வேலை செய்யும் ஒக்புன், இதே இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தாள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினார். இயந்திரத்துக்குள் கை விடுகிறவன் முதலில் மின்சாரத்தை நிறுத்தித் தன் பூட்டைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அவனே எடுக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக் கூடாது. "அப்படின்னா மெஷினைப் பூட்டுறோமா, எங்களைப் பூட்டுறோமா?" என்று ஒக்புன் கேட்டாள். "மெஷின் பக்கம் யாரும் போக முடியாம வெளிய நிறுத்துறோம்" என்றார் அவர். எங்களுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒக்புன் வீட்டில் சோஜு சாராய பாட்டில் இருக்கும் அலமாரிக்கு லாக்அவுட். என் மருமகள் மதியம் படுக்கப் போகும்போது, "அத்தை, நான் லாக்அவுட்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். நானும் தட்டுவதில்லை. தட்டாமல் இருப்பதற்குள் எனக்குக் கை அரிக்கும், அது வேறு விஷயம்.

முதலாளி பூட்டை வெட்டப் பெரிய கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவிடமிருந்து தொழிலையும் அவசரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட பையன்.

"அக்கா, நகருங்க. அவரு மறந்துட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு அரைக்கலன்னா இவ்வளவு அரிசியும் புளிச்சுப்போயிடும்."

"மறந்தாரா, வேணும்னே விட்டாரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மனுஷன் ஜொஞ்சுல சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. மெஷினுக்கு உள்ளயா இருக்காரு?"

"பூட்டு தொங்குற வரைக்கும் உள்ளதான் இருக்காரு."

சொல்லிவிட்டேனே தவிர, கண் அரிசித் தொட்டிகள் பக்கமே போனது. புத்தாண்டு காலையில் அவித்த அரிசி மாவில் செய்த உருளை போட்ட சூப்பைக் குடித்தால்தான் எவருக்கும் ஒரு வயது கூடும் என்பார்கள். ஊரில் பாதிப் பேருடைய வயது எங்கள் தொட்டியில் ஊறிக் கிடந்தது. இன்னொரு பக்கம் நாரே. முன்பு ஒரு சம்பந்தம் கைகூடாமல் போய், அந்தப் பெண் ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. விருந்தின் நடுவே அவள் அப்பாவை எழுப்பி, இந்தச் சம்பந்தமும் கெட்டுப்போனால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? பூட்டை வெட்டிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. அப்போது ஒக்புன் வந்து என் பக்கத்தில் நின்றாள். கையுறையில் காலியாக இருக்கும் விரலை அவள் எப்போதும் மடித்துச் செருகியிருப்பாள். அதைப் பார்த்த பிறகு உணவகத்துக்கே போன் போட்டேன்.

வெகுநேரம் கழித்து அண்ணன் குரல் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"வெட்டிடாதே" என்றார்.

"அண்ணே, நாரே விஷயம்…"

"பில்னாம், வெட்டிடாதே. நான் வர்றேன்."

வந்தார். தனியாக வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கார் ஓட்ட, பின்னால் முத்து நிற ஹன்போக் பட்டாடை உடுத்திய மாப்பிள்ளையின் அம்மா, அவருக்குப் பக்கத்தில் முகம் வெளுத்துப்போன நாரே. பாதி விருந்தில் அண்ணன் எழுந்து, "என் பூட்டு அங்க தொங்குது, நான் போகணும்" என்றாராம். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த நாகரிகப் பேச்சில் ஒரு வரிகூட அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பாதான், "பஸ்ஸுக்குக் காத்திருந்தா லேட்டாயிடும், வாங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டாராம்.

எல்லோருக்கும் தலைமுடி வலையும் காலணி உறையும் கொடுத்தேன். "மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க, பூட்டை எடுத்தப்புறம் கிட்ட வரலாம்" என்றேன். சம்பந்தியம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றார்.

அண்ணன் பூட்டில் கை வைக்கவில்லை. முதலில் மூடியைத் திறந்து, கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு உருளைகளுக்கு நடுவே கையை விட்டார். வெளியே வந்த கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. முதலாளி கட்டரை மெதுவாகத் தரையில் வைத்தார். அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் ஸ்பேனரைப் பார்க்கவில்லை. அண்ணன் காது மடல்வரை சிவந்து, ஸ்பேனரைப் புதுக்கோட்டின் உள்பைக்குள் தள்ளி, மூடியை இறுக்கி, அப்புறம்தான் பூட்டைத் திறந்தார். இயந்திரம் உறுமியது. எனக்குக் கண் கலங்கியது. மாவுத்தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அரைத்த மாவை அவித்துப் பிழிந்ததும் முதல் அரிசி உருளைகள் ஆவி பறக்க வந்து விழுந்தன. சம்பந்தியம்மாள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நாரே கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினாள். சூடு தாங்காமல் இருவரும் முனையைக் கைமாற்றி மாற்றிப் பிடித்துச் சிரித்தார்கள். நல்லெண்ணெயில் தோய்த்து எல்லோரும் சாப்பிட்டோம். உணவகத்தில் வைத்துவிட்டு வந்த பதார்த்தங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது அண்ணன் சம்பந்தி முன்னால் இடுப்பை நன்றாக வளைத்துக் குனிந்தார். கோட்டுப் பையிலிருந்து ஸ்பேனர் நழுவி 'ணங்' என்று தரையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்பேனரைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், சுவிட்சுப் பக்கம் திறந்து கிடந்த சிவப்புப் பூட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்பேனரை எடுத்து, தரையிலிருந்து ஒட்டிய ஈர அரிசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.