டீ சாப்பாட்டில் சேராது

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மச்சானுக்கு ஆறு நாளாக ஆபரேஷன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. முதல் தடவை தியேட்டர் வாசல் வரைக்கும் போனபோது விபத்துக் கேஸ் ஒன்று முந்திக்கொண்டது. இரண்டாம் தடவை ஐசியூவில் படுக்கை இல்லை. இன்னும் தள்ளினால் கால் குட்டையாகிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். முதுகு வேறு புண்ணாகத் தொடங்கியிருந்தது.

துணைக்கு இருந்தவன் தங்கை புருஷன். அதே கட்டடத்தில் கலவை போடுகிறவன். விடியும்போது பிள்ளைகளைப் பார்க்க அவன் பெண்டாட்டி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அண்ணனுக்குச் சாப்பாடு ஒண்ணும் குடுத்துடாதீங்க. இன்னைக்கு ஆபரேஷன்."

தலையாட்டினான். ஏழு மணிக்கு மச்சான், "நாக்கு ஒட்டுது மாப்ள," என்றதும் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வந்தான். சாப்பாடுதானே கூடாது? வேலையிடத்தில் மூன்று டீ குடித்தவனும், "இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்றுதான் சொல்வான். இரண்டு டம்ளர் உள்ளே போனது.

ஒன்பது மணிக்குத் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டாள்: "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

குடிச்சீங்களா என்றதும்தான் அவனுக்கு உறைத்தது.

"எச்சில்கூட முழுங்கல டாக்டரம்மா," என்ற மச்சான், போர்வைக்கடியில் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல மேல வந்து நுரையீரல்ல இறங்கிடும். அப்புறம் உங்கள எழுப்பறது கஷ்டம்."

"என்னை எழுப்ப என் பொண்டாட்டியாலயே முடியாது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் ஓரடி உருண்டது.

"ரெண்டு டம்ளர் டீ குடுத்தேன்," என்றான் அவன். "பால் டீ."

மணிக்கட்டில் இருந்த பிடி விட்டுப்போனது.

டாக்டரம்மா திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு மணி நேரம் போகணும். அதுக்குள்ள இன்னைக்கு ஆபரேஷன் லிஸ்ட் முடிஞ்சிடும். வியாழக்கிழமை பார்ப்போம்." ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். அடுத்த ஆள் உள்ளே போனார்.

நாள் முழுக்க மூட்டை சுமந்த தோள் போல அவனுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. வார்டில் மச்சான் உதட்டை நக்கிக்கொண்டார்.

"இப்ப குடிக்கலாம்ல?"

"குடிக்கலாம் மச்சான்."

"அப்ப போய் வாங்கிட்டு வா."

படியிறங்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. பெண்டாட்டி. "ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிக்கல. என்னாலதான்," என்றான். கேன்டீன் வரிசையில் அவனுக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள்.