கொலுவுக்கு வந்த பிக்கப்

ராஜஸ்ரீ வீட்டுக் கொலுவில் குட்டி பிக்கப் வண்டி ஒன்று தாம்பூலம் கொண்டுவந்து தருகிறது என்று வலியசாலை அக்ரஹாரம் முழுக்கப் பேச்சு. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் மிக்ஸியில் அரைப்பது சட்னியா பொடியா என்பதுகூட எனக்குத் தெரியும். இந்தச் சங்கதி மட்டும் கடைசியாகத்தான் என் காதுக்கு வந்தது. அதுவும் காய்கறிக் கடை சுனில் தன் மலையாளத் தமிழில் சொல்லி.

"மாமி, சாரோட வண்டி சூப்பராக்கும், கேட்டோ."

"எந்த சார்?"

"மாமியோட சார்தான். வேற யாரு?"

எடுத்த முருங்கைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமியோட சார் என்றால் என் கணவர் ஆனந்தகிருஷ்ணன். மின்சார வாரிய ஆபீஸில் வேலை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். ஆபீஸ் விட்டு வந்தால் மாடி அறைக்குப் போய்விடுவார். அங்கே ரிமோட்டில் ஓடும் வண்டிகள் செய்வார். கடையில் வாங்குகிற பொம்மை இல்லை. நிஜ வண்டியை அளந்து, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் தகட்டை அறுத்துக் கதவு, பித்தளைக் கம்பியை வளைத்து பம்பர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக ஸ்பிரிங். எல்லாம் முடிந்து பளபளவென்று பெயிண்ட் அடித்த பிறகு, ஓடிக் களைத்த வண்டி மாதிரி இருக்கவேண்டும் என்று அதன்மேல் செம்மண்ணைக் குழைத்துப் பூசுவார். காசு கொடுத்து வாங்கிய பெயிண்டில் சேறு பூசுகிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தப்பாக நினைக்கவேண்டாம். ராஜஸ்ரீ எங்களை மாமா, மாமி என்று கூப்பிடுகிற பெண். அவள் புருஷன் வெங்கிடேஷ் தங்கமான பையன். அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் எனக்குக் கிடையாது, இவருக்கு அதற்கெல்லாம் சார்ஜ் போதாது. எனக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. இத்தனை வருஷம் சால்டரிங் புகையைக் குடித்தது நான். மாடிப்படியில் சிந்திய திருகாணியை மிதித்து நொண்டியது நான். வண்டி போனது அடுத்த வீட்டுக்கு.

ராஜஸ்ரீ குங்குமம் கொடுத்து அழைத்தாயிற்று, போகாமல் இருக்க முடியாது. போனேன். கொலுப்படிக்கு முன்னால் தரையில் பார்க் போட்டிருந்தாள். மண் குன்று, முளைவிட்ட கடுகுப் புல், நடுவில் வளைந்து போகும் ரோடு. குன்றுக்குப் பின்னாலிருந்து நீல நிற பிக்கப் ஒன்று லைட் போட்டுக்கொண்டு வந்தது. மேட்டில் மெதுவாக ஏறியது, இறக்கத்தில் பிரேக் பிடித்தது. பின்னால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துண்டு. ஒவ்வொரு மாமியின் முன்னாலும் சரியாக நின்று, அவள் எடுத்துக்கொண்டதும் நகர்ந்தது. பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் தட்டவேண்டும் போலத்தான் இருந்தது. தட்டவில்லை.

அப்போதுதான் அறைக் கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். கையில் ரிமோட். முகம் முழுக்கச் சிரிப்பு, பல் தெரிய. கல்யாண ஆல்பத்தில்கூட அந்தச் சிரிப்பு கிடையாது. வண்டி என் முன்னால் வந்து நின்றது. தாம்பூலத்தை எடுத்துக்கொண்டேன், சுண்டலை வாங்காமல் கிளம்பிவிட்டேன்.

"அவளுக்கு மட்டும் எப்படிப் பண்ணித் தரத் தோணித்து?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"டிரில்லிங் மிஷின் கடன் வாங்க வந்தா. மாடில வண்டியெல்லாம் பாத்தா. இது எப்படி ஓடறது மாமான்னு கேட்டா, சொன்னேன். அவாத்துக் கொலுவுக்கு ஒண்ணு பண்ணித் தர முடியுமோன்னு கேட்டா."

"எனக்கு ஏன் பண்ணித் தரலை?"

"வருஷா வருஷம் கேட்டேனே. பெருமாளுக்குப் பக்கத்துல டயரா, வேண்டாம்னு நீதானே சொன்னே."

"வேண்டாம்னா விட்டுடறதா?"

அவர் வழக்கம்போல் மாடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம், அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அஷ்டமி வந்தது. எங்கள் ஊரில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலை பூஜை முடிகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் மீறியதில்லை. அன்றைக்குத்தான் ராஜஸ்ரீ வீட்டில் பெரிய கூட்டம், அவள் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் டெக்னோபார்க்கிலிருந்து வருகிறார்கள். வண்டி அவள் வீட்டில்தான் இருந்தது. ரிமோட்டை மட்டும் இவர் சார்ஜ் போட வீட்டுக்குக் கொண்டுவருவார்.

மாடிக்குப் போனேன். ஸ்க்ரூ டிரைவர், குறடு, சால்டரிங் அயர்ன், ரிமோட், ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரிமோட்டில் ஒரு பொத்தான் இருந்தது. பாதுகாப்புக்கு அதை அழுத்தி அணைத்தேன். குறடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போட்டு மூடினேன். என் வாழ்க்கையில் அத்தனை சிரத்தையாகப் பூஜை வைத்ததே இல்லை.

அவர் வந்து தேடினார்.

"ரிமோட்டைப் பாத்தயோ?"

"ஆயுதமெல்லாம் பூஜைக்கு வச்சாச்சு."

"ரிமோட்டுமா?"

"அதை வச்சுண்டுதானே இத்தனை நாளா வித்தை காட்டினேள். அது ஆயுதம் இல்லையாக்கும்?"

பட்டுத்துணியைப் பார்த்தார். "ஆஃப் பண்ணிட்டயோ?" என்றார்.

"பண்ணியாச்சு."

இன்றைக்கு வண்டி ஓடாது என்று சொல்ல அடுத்த வீட்டுக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"சாரமில்ல மாமா, பரவாயில்லை. ஸ்விட்ச் போட்டு லைட்டையாவது காட்டலாமே," என்றாள் ராஜஸ்ரீ. லைட் எரிந்திருக்கவேண்டும். பெண்கள் கொஞ்சினார்கள். யாரோ ஒருத்தி வண்டிக் கதவு நிஜமாகத் திறக்குமா என்று கேட்டாள். இவர் விளக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு மாதத்தில் பேசுவதை அங்கே ஒரே மூச்சில் பேசினார். நடுவில் சிரிப்பு வேறு.

எனக்குப் பொறுக்கவில்லை. வைக்காமல் விட்டுப்போன தலையணை சைஸ் அகராதி ஒன்று பெஞ்சில் கிடந்தது. அதைத் தூக்கிப் புத்தகக் குவியலின்மேல் டொம்மென்று வைத்தேன்.

அடுத்த வீட்டில் சக்கரம் சீறுகிற சத்தம், பெண்களின் கூச்சல், பிறகு ஏதோ உடைகிற சத்தம்.

அதற்குப் பிறகு அவர் குரல் கேட்டது. "யாரும் பயப்படாதேங்கோ. தப்பு என்னோடதாக்கும். வயரிங்ல ஏதோ பிசகு."

தன் வயரிங்கில் பிசகு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டில் ஃபியூஸ் போனால்கூட வாரியத்தின்மேல்தான் பழி போடுவார்.

வண்டியைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். முன் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. கொலுப்படியில் மோதி, ராஜஸ்ரீயின் செட்டியார் பொம்மைக்குத் தலை போய்விட்டதாம். வண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டுத்துணியின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அணைத்ததாக நினைத்து அழுத்தியது, அதை உயிர்ப்பித்திருக்கிறது. குறடு ஒன்றின் கை வண்டியை ஓட்டும் விசையில் மாட்டியிருந்தது, மேலே என் அகராதி. ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டு விளக்கை அணைத்தார், துணியைப் பழையபடி இழுத்து மூடினார்.

"திட்டுங்கோளேன்," என்றேன்.

"பண்டிகையும் அதுவுமா எதுக்கு."

"சாமானெல்லாம் எடுத்துக்கோங்கோ. ரிப்பேர் பண்ணுங்கோ. சரஸ்வதிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாம்."

என்னால் அதற்குமேல் அவரை வற்புறுத்த முடியவில்லை. வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நவமி முழுக்க அந்த உடைந்த வண்டி எங்கள் கூடத்தில் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார், வந்தார், தொடவில்லை.

விஜயதசமி காலையில் பூஜை முடித்துச் சாமான்களை எடுத்தோம். அன்றைக்கு எடுத்ததும் அவரவர் வேலையில் கொஞ்சமாவது செய்தாகவேண்டும். படிக்கிற குழந்தை ஒரு வரியாவது படிக்கும். இவர் கூடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து வண்டியைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் காப்பி டம்ளரை வைத்துவிட்டு நகரப் போனேன்.

"இங்க வா. இதைக் கொஞ்சம் பிடி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பிடிக்கச் சொன்ன முதல் வண்டி. புடவையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். நினைத்ததைவிடக் கனம். சின்னக் கதவு நிஜமாகவே திறந்தது.

"இது யாருக்கு?"

"ராஜஸ்ரீக்குத்தான். வாக்குக் குடுத்தாச்சே. செட்டியாரையும் ஒட்டித் தரணும்."

எனக்கு மறுபடியும் எரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அடுத்த நவராத்திரிக்கு எனக்கு ஒண்ணு வேணும்," என்றேன்.

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "பிக்கப்பா?"

"லாரி."

"எவ்வளவு பெரிசு?"

"அவாத்து வாசல்ல நொழையாத அளவுக்கு."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார், அந்தக் கதவுக்குப் பின்னால் பார்த்த அதே சிரிப்பு. பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, ராஜஸ்ரீ வீட்டு வாசலை அளக்கப் போனார்.