ரெண்டே கால் மேசை

என் நாத்தனார் புதுத் தையல் மெஷின் வாங்கிவிட்டார். பழையதை, அந்த மோட்டார் வைத்த இரும்புப் பூதத்தை, எனக்குத் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு கொக்கியும் போட்டார்.

"ஆடாத மேசை இருந்தாத்தான் தருவேன். ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். ஆடுச்சுன்னா வண்டிய விட்டே இறக்க மாட்டேன். என் ஓரகத்தி வேற கேட்டுக்கிட்டே இருக்கா."

கையால் தைத்துத் தைத்து என் விரலெல்லாம் சல்லடை. ஓரகத்தியாவது, கீரகத்தியாவது! அந்த மெஷின் எனக்கு வந்தே ஆகவேண்டும்.

மேல்பலகைக்குப் பழைய கதவு ஒன்று இருந்தது. தாங்குவதற்குச் சட்டம்தான் வேண்டும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், "நானே அடிச்சிடறேன்" என்று மரத்தோடு மொட்டைமாடிக்கு ஏறினார். நான் கீழிருந்து கத்தினேன்.

"ஏங்க, ரெண்டே கால் போதும்! அதுக்கு மேல வேணாம்!"

"சரி, சரி!"

ஞாயிறு காலை சட்டம் இறங்கி வந்தது. முன்பக்கம் இரண்டு கால். பின்பக்கம் வெறும் காற்று.

"மிச்சக் கால் எங்கங்க?"

"நீதானே ரெண்டே கால் போதும்னே?"

"ஐயோ, அது உயரம்! ரெண்டே கால் அடி!"

"அடின்னு சொன்னியா?"

"அப்ப சொல்லல. இப்ப அடிக்கணும்போல இருக்கு!"

மிச்ச மரத்தையெல்லாம் குறுக்குச் சட்டமாக அடித்துத் தீர்த்திருந்தார். மனிதர் அசரவில்லை. கால்களை அந்த உயரத்துக்கு அறுத்தார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் டிரில் இரவல் வாங்கி, பின்சட்டத்தைச் சுவரோடு வைத்துப் பெரிய போல்ட்டுகளால் முடுக்கினார். மேலே கதவைப் போட்டுத் திருகாணி இறக்கவும், வாசலில் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

நாத்தனார் மேசையைத் தள்ளினார். இடுப்பால் இடித்தார். போதாதென்று மேலேயே ஏறி நின்றார்.

"அண்ணி, பாத்து!"

மேசை இம்மிகூட அசையவில்லை.

"டேய், நீயா செஞ்சே? நம்பவே முடியலடா!"

மெஷின் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இங்க வெளிச்சமே இல்லையே. சன்னல் பக்கமா நகத்திப் போடுங்க" என்றார் நாத்தனார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"அக்கா, சன்னலைத்தான் இந்தப் பக்கம் நகத்தணும்."

நாத்தனார் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். போச்சு, மெஷின் ஓரகத்தி வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

நிமிர்ந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடாத மேசை கேட்டா அசையாச் சொத்தே பண்ணி வச்சிருக்கியேடா! மெஷின் இங்கேயே கிடக்கட்டும். இவளுக்கு ஒரு லைட்டு வாங்கி மாட்டு."